முள்கரண்டித் தடம்

கல்லறையிலிருந்து திரும்பி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கறுப்பு உடையை மாற்றாமல், ரெனெல்லா கார் கொட்டகையில் மண்டியிட்டு அப்பாவின் கயாக்கில், அந்த ஒற்றையாள் துடுப்புப் படகில், இருந்த போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு. பதினான்கும் இடது கைக்கு எட்டுகிற இடத்தில்.

உள்ளே வீடு நிறைய ஆட்கள். இந்த நீரோடைக் கரையில் துக்க வீட்டுக்கு யார் எதைச் சமைத்துக் கொண்டுபோவது என்று யாரும் கலந்துகொள்வதில்லை. அதனால் ஏழு சட்டி உருளைக்கிழங்கு சாலட் வந்து இறங்கியிருந்தது.

பிப்ரவரியில் வந்த பக்கவாதம் அப்பா ஓவிட்டின் வலது கையைக் கொண்டுபோய்விட்டது. "இனி தண்ணிப் பக்கமே போகக் கூடாதுப்பா" என்று சொல்லி, துடுப்பைப் பிடுங்கித் தன் கார் டிக்கியில் போட்டுப் பூட்டிக்கொண்டு, தான் வசிக்கும் லஃபயெட்டுக்குப் போனவள் ரெனெல்லா. போன வியாழக்கிழமை காலை அவர் வேறொரு துடுப்போடு சதுப்புக்குள் போனார். பிற்பகல் பக்கத்து வீட்டு அல்சீட் தேடிப் போனபோது, கோரைக்கு நடுவில் இருக்கையில் சாய்ந்தபடி செத்திருந்தார். இதயம் என்றார் டாக்டர்.

டாக்டர் சொன்னது சரி. ஆனால் ஒற்றைக் கைக்கு ஏற்றபடி படகை இப்படி மாற்றிச் செய்து கொடுத்தது யார்? ஒற்றைக் கையால் தூண்டில் குழாயைப் பிடித்துக்கொண்டு அதே கையால் துளை போட முடியாது. யாரோ கூட நின்றிருக்கிறார்கள். அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மூன்று நாளாகக் கருவிக்கொண்டிருந்தாள்.

கோபத்தோடு பார்க்க உட்கார்ந்தவளுக்குப் பார்க்கப் பார்க்க வேறு மாதிரி ஆகிவிட்டது. தூண்டிலைச் செருகும் பிளாஸ்டிக் குழாயைச் சூடுகாட்டி நெஞ்சுப் பக்கம் வளைத்திருந்தார்கள். ஏன்? ஓ, இதில் தூண்டிலை நட்டுவிட்டு நரம்பை இடது கையால் சுற்றலாம். துணி காயப்போடும் கிளிப் ஒன்றை விளிம்பில் திருகியிருந்தார்கள். இது எதற்கு? தூண்டில் முள்ளை அது கவ்விக்கொள்ளும், ஒரு கையாலேயே இறாலைக் கோக்கலாம். முதுகுக்குப் பின்னால் இருந்த, சாமான் போடும் பால் கிரேட் பெட்டி காலுக்கு முன்னால் வந்திருந்தது. அவரால் திரும்ப முடியாதே. துடுப்பின் வலது பக்கத்தில் ஒரு தோல் கையுறை இறுக்கிக் கட்டியிருந்தது. செத்த கையை அதற்குள் நுழைத்துவிட்டால் அது பாட்டுக்கு மற்றக் கை கூடவே வரும்.

"அடப் பாவி மனுஷா, என்னமா யோசிச்சிருக்கே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அழுகையும் வந்தது.

"என்ன புள்ள, உங்கப்பன் கப்பலை ஆராய்ச்சி பண்றியா?" அல்சீட் கையில் தட்டோடு வந்து நின்றார்.

"இதெல்லாம் நீங்க பண்ணிக் கொடுத்ததா மாமா?"

"நானா? எங்க வீட்டுக் கதவு ஆறு மாசமா ஒத்தைக் கீல்ல தொங்குது. எம் பொண்டாட்டியைக் கேட்டுப் பாரு." ஒரு வாய் மென்றார். "ஆனா ஒண்ணு. தூக்கும்போது இந்தப் படகு வயித்துக்குள்ள தண்ணி களகளன்னு ஆடுச்சு. ரெண்டு வாளி இருக்கும்."

சமையலறைக் கதவில் அம்மா ஏர்லின் காப்பியோடு நின்றிருந்தாள். அவள் சட்டென்று திரும்பி உள்ளே போனதை ரெனெல்லா பார்த்தாள்.

"தண்ணியா? எப்படி?"

"மூடி திறந்து கெடந்துச்சு, மத்தியானம் மழையும் ஊத்தித் தள்ளுச்சு. இல்லே, இந்த ஓட்டை எதாவது ஒழுகிச்சோ என்னமோ. யாரு கண்டா?"

ரெனெல்லா ஒரு போல்ட்டைச் சுற்றித் தடவினாள். தண்ணீர் புகாதபடி வெள்ளைப் பசையைக் கெட்டியாகப் பூசி, ஓரம் முழுக்க எதையோ வைத்துச் சாய்வாக அழுத்தியிருந்தது. நாலு நாலு கோடு. எங்கோ பார்த்த கோடு.

முகம் துடைக்க உள்ளே போனவள் மேசையருகே நின்றுவிட்டாள். சாலட் சட்டிகளுக்கு நடுவே அம்மாவின் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ‘பை’ பலகாரம் இருந்தது. தூக்கம் வராமல் விடிகாலையில் அம்மா சுட்டது. மாவின் ஓரம் முழுக்க முள்கரண்டியால் சாய்வாக அழுத்திய தடம். நாலு நாலு கோடு.

அம்மா தொட்டியில் ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து அவள் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை.

"அம்மா..."

"ஒழுகிச்சா?" அம்மா திரும்பாமலே கேட்டாள்.

ரெனெல்லா நாலு கேள்வியையும் விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"அவர் அளவு சொன்னார், நான் ஓட்டை போட்டேன். பதினாலும் என் கையாலதான். கடைசி ரெண்டுக்குப் பசை பத்தலை. கடைக்குப் போயிட்டு வரேன்னேன், போதும் இழுத்துத் தடவுன்னார். இழுத்துத் தடவினேன். உள்ள தண்ணி ஏறி, படகு கனத்து, ஒத்தைக் கையால இழுத்து இழுத்துத்தான்டி அந்த நெஞ்சு..."

"படகை வித்துத் தொலைங்க, வித்துத் தொலைங்கன்னு அப்பாகிட்ட தினம் கத்துவியே?" என்றாள் ரெனெல்லா.

"நீ போன்ல இருக்கறப்போ கத்துவேன். உங்கப்பா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பார்." அம்மா குழாயை மூடினாள். "மார்ச் பூரா ஜன்னலைப் பாத்து உக்காந்திருந்தார். நீ ஞாயித்துக்கிழமைதானே வருவே. மத்த ஆறு நாள் நான்தான் பாத்தேன்."

ரெனெல்லாவுக்குச் சுருக்கென்றது. தன்னை வெளியாள் ஆக்கிவிட்டார்கள் என்று வலித்தது. தானேதான் ஆகிக்கொண்டோம் என்றும் தோன்றியது. அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா. தண்ணில போட்டுப் பாத்துடலாம்."

"இப்பவா? உள்ள பாதிரியார் இருக்கார்டி!"

"அவரும் பாக்கட்டும்."

துக்க உடையில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாக அந்த ஆரஞ்சுக் கயாக்கைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புற ஓடைக்குப் போனதைப் பார்த்து, வீடே தட்டும் கையுமாகப் பின்னால் வந்தது. காலிப் படகு போல்ட் நனையும் அளவுக்கு முழுகவில்லை.

"ஓவிட் எடைக்கு நான்தான்" என்றார் அல்சீட். பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாலட் தட்டோடேயே ஏறி உட்கார்ந்தார். விளிம்புவரை இறங்கியது. "சாய்ஞ்சு ஆட்டுங்க மாமா, மீன் இழுக்கற மாதிரி" என்றாள் ரெனெல்லா. அவர் ஆட்டினார். யாரோ சிரித்தார்கள், பிறகு அடக்கிக்கொண்டார்கள். கடைசி இரண்டு போல்ட்டும் தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. அம்மா அவற்றையே பார்த்தபடி நின்றாள். அரைமணி நேரம் யாரும் உள்ளே போகவில்லை.

கரைக்கு இழுத்ததும் அம்மாவே மூடியைத் திறந்தாள். தோள்வரை கையை விட்டாள். வெளியே எடுத்துப் பார்த்தாள். மறுபடி விட்டு, எதிர் மூலைவரை துழாவினாள். மூன்றாம் முறையும் விட்டாள்.

கையில் ஈரம் இல்லை. துளை போட்டபோது உள்ளே உதிர்ந்த ஆரஞ்சு பிளாஸ்டிக் சுருள்கள் இரண்டு மூன்று விரல்களில் ஒட்டியிருந்தன.

"மழைதாம்மா" என்றாள் ரெனெல்லா. "மூடி திறந்து கெடந்துச்சாம்."

அம்மா நல்ல கறுப்பு உடையோடு ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டி, அல்சீட்டின் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது நான் தின்ன மிச்சம், ஏர்லின்."

"இருக்கட்டும்."

அல்சீட்டின் முள்கரண்டி ஓடையில் விழுந்துவிட்டிருந்தது. வேறொன்று எடுத்துவர ரெனெல்லா வீட்டுக்கு ஓடினாள்.