மரத்தூள் அடுப்பும் பன்னிரண்டு சட்டைகளும்

ஒன்பது நாளாக மழை ஓயவில்லை. 1932ஆம் வருஷத்து டிசம்பர் மாதம். பிரிக்பீல்ட்ஸில், ஆற்றை ஒட்டிய சந்தில் சலவைக்கடை வைத்திருந்த பவுனம்மாளின் வீட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈரத்துணி முகத்தில் அறைந்தது. அதில் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள் கார்த்திகேசுவின் பேண்டு கோஷ்டியுடையவை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் அவர்கள் வாசிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் கார்த்திகேசு குடையோடு வந்து நின்றார்.

“காய்ஞ்சிருச்சா பவுனம்மா?”

“நீங்களே புழிஞ்சு பாருங்கண்ணே.”

ஒரு சட்டைக் கையைப் பிடித்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. “வெத்து உடம்போட போய் ஊதினா சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க லா,” என்று முனகிக்கொண்டே போனார்.

பவுனம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சட்டையை எடுத்துச் சமையல் அடுப்புக்கு மேலே கட்டினாள். பக்காவ் என்ற சதுப்புநில மரத்து விறகு நன்றாகப் பிடித்து எரிந்தது. சட்டையும் காய்ந்தது. ஆனால் புகை ஏறி, மோந்து பார்த்தால் கருவாட்டு வாடை! தலையில் அடித்துக்கொண்டு மறுபடி துவைத்தாள்.

சாயங்காலம் மரம் அறுக்கும் மில்லிலிருந்து வந்த அவள் கணவன் அய்யாவு, விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“விறகு வேணாம் புள்ள. மில்லுல மரத்தூள் மலையாக் குவிஞ்சு கெடக்கு. அள்ளி ஆத்துலதான் கொட்டுறாங்க.”

“தூளைப் போட்டா இருக்கிற நெருப்பும் அணைஞ்சுபோகும்.”

“நாளைக்குப் பாரு.”

மறுநாள் அவன் இரண்டு சாக்கு உலர்ந்த தூளும், ஒரு மண்ணெண்ணெய் டின்னும், பழைய இரும்புக் குழாய்களும் கொண்டுவந்தான். டின்னின் அடியில், பக்கவாட்டில் ஓர் ஓட்டை போட்டு மூங்கில் துண்டைச் செருகினான். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி இடித்து இறுக்கினான். பிறகு பாட்டிலையும் மூங்கிலையும் மெல்ல உருவினான். தூளுக்கு நடுவே அழகாக ஒரு வழி விழுந்திருந்தது. கீழே நெருப்பு வைத்ததும் அது உள்ளுக்குள்ளேயே கனன்று ஏறியது. மூடியில் பொருத்திய குழாய் அறையின் குறுக்கே, கொடிகளுக்குக் கீழே ஓடிச் சுவரைத் தாண்டிப் போனது. புகை வெளியே, சூடு உள்ளே.

சூடு தங்கட்டும் என்று ஜன்னலைச் சாத்திச் சந்துபொந்தையெல்லாம் அடைத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் துணிகளுக்கே வியர்த்திருந்தது.

“அறை கொதிக்குது, துணி காயலையே!” என்று அய்யாவு விழித்தான்.

சுவரில் வழிந்த நீரை விரலால் தொட்டுப் பார்த்தாள் பவுனம்மாள். “இது இட்லிப் பானைங்க. ஆவி போக வழியில்ல.” ஸ்டூலில் ஏறிக் கூரைக்கு அடியில் திணித்திருந்த சாக்கைத் தானே பிடுங்கினாள். கதவுக்குக் கீழேயும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டாள். பொழுது சாய்வதற்குள் முதல் சட்டை மொடமொடவென்று கையில் வந்தது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். எந்நாளும் புழுங்கும் இந்த ஊரில் வெதுவெதுப்புக்கு ஏங்கும் நாளும் வரும் என்று யார் நினைத்தார்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை, தேய்த்து மடித்த பன்னிரண்டு சட்டைகளும் தயார். கோஷ்டி சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது. சூடான அறைக்குள் நுழைந்தவர்கள் வெளியே வர மனமில்லாமல் குழாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். டிரம் அடிக்கும் பாலன் தன் டிரம்மையும் அருகில் வைத்தான். ஈரத்தில் தொங்கிப்போயிருந்த தோல் கொஞ்ச நேரத்தில் விறைத்தது. ஒரு தட்டு தட்டினான். வீடே அதிர்ந்தது.

“அட, பதினோரு நாளா தவளை மாதிரி கத்துச்சுண்ணே இது!”

மழை இன்னும் விடவில்லை. சட்டைகளை நீர் புகாத மெழுகுத் துணியில் சுற்றிக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பாலனின் அடி சந்து வரைக்கும் கேட்டது.

அதற்குள் பவுனம்மாளின் வாசலில் குடைகள் கூடிவிட்டன. ஒருத்தி குழந்தைத் துணியோடும் இன்னொருத்தி நமுத்துப்போன அப்பளக் கட்டோடும் நின்றார்கள்.

“எல்லாத்தையும் உள்ள வச்சிட்டுப் போங்க. நான் கல்யாணத்துக்குப் போயிட்டு வரேன்,” என்றாள் அவள்.

பதினோரு நாளில் முதன்முறையாக, கொடியிலிருந்து நேராக எடுத்த சூடு ஆறாத சேலையை உடுத்திக்கொண்டு, அய்யாவு பிடித்த குடைக்குள் ஒட்டி நடந்து, அவள் பந்தியில் போய் உட்கார்ந்தாள்.