ஏழாம் கேள்விக்கு எதிரே

1
இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாக்குச்சாவடி அலுவலர் முதல் அலுவலக எழுத்தர் வரை, தேர்தல் வேலை பார்க்கிறவர்கள் நிரப்பித் தரும் படிவம். அதில் ஏழாம் கேள்வி: 'இந்த ஊரில் போட்டியிடும் எவருக்காவது நீங்கள் நெருங்கிய உறவா?' ஆம் என்றால் தேர்தல் பணி கிடையாது. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ஒரு குடும்பத்தையே அடைத்துவிடலாம் என்று தோன்றியது. அடைத்தேன்.

முதல் வரி: 'அதிகாலைச் சூரியன் தேர்தல் அலுவலகத்தின் சன்னல் வழியே'...

வேண்டாம். அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும்.

2
அவள் அங்கே எழுத்தர். யாரை எந்தச் சாவடிக்கு அனுப்புவது என்று பட்டியல் போடுகிறவள். நேற்று மனுத் தாக்கல் முடிந்தது. கடைசி நாளில், கடைசி ஆளாக, குழாய்க் கடை வைத்திருக்கும் அவள் தம்பியும் மனுக் கொடுத்துவிட்டான்.

இன்று காலை வந்த படிவங்களில் அண்ணனுடையதும் இருந்தது. கணக்கு ஆசிரியர், ஆறு தேர்தல்களில் சாவடித் தலைமை அலுவலர், ஒரு காகிதம்கூடப் பிசகியதில்லை. ஏழாம் கேள்விக்கு எதிரே எழுதியிருந்தார்: 'இல்லை'.

பொய்த் தகவல் என்று வெளியே தெரிந்தால் வேலைக்கே உலை. ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம். அவள் உடனே அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள்.

(அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்பது வருடமாக என்ன சண்டை? மூன்று காரணங்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். ஒன்றுகூட ஒன்பது வருடத்துக்குத் தாங்கவில்லை. நிஜச் சண்டைகளும் அப்படித்தான்.)

3
"இல்லைன்னு போட்டிருக்கியே அண்ணே?"

"இல்லைன்னா இல்லைதான். ஒன்பது வருஷமா முகத்துல முழிக்கலை. அப்புறம் என்ன உறவு?"

"பேசிக்கிறீங்களான்னு அதுல கேக்கலை. உறவான்னுதான் கேக்குது."

"நீ கண்டுக்காம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் தன் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஏழாம் கேள்விக்கு எதிரே: 'ஆம். உடன்பிறந்த தம்பி.'

"அப்போ உனக்கும் இந்த வேலை இல்லையா?"

"மத்தியானம் பட்டியல் பக்கத்து மேசைக்குப் போயிடும். அதுக்குள்ள நீயே திருத்திடு. உன்னை மாட்டிவிட எனக்கு மனசு வரலை."

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவன் மனுவுல அப்பா பேரை எப்படிப் போட்டிருக்கான்?"

"நீ போட்ட மாதிரியேதான். முன்னால ரெண்டு எழுத்து, புள்ளி, அப்புறம் முழுப் பேரு."

"புள்ளி வச்சானா? சின்ன வயசுல வைக்கவே மாட்டான். எத்தனை தடவை தலையில குட்டியிருக்கேன்!"

4
முடிவு ஒன்று: அவர் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து...

இல்லை. ஆறு தேர்தல் பார்த்தவர் காகிதத்தைக் கிழிக்க மாட்டார்.

முடிவு இரண்டு: தம்பி வாசலில் வந்து நிற்க, இருவரும் கட்டிக்கொண்டு... சத்தியமாக அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன்.

5
விதி தெளிவாக இருக்கிறது. திருத்தத்தை நிரப்பியவரே தன் கையால் செய்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். வேறு யார் எழுதினாலும் செல்லாது. தங்கை எழுதினாலும், கதையை எழுதுகிறவன் எழுதினாலும். ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். பட்டியலைப் போல இதையும் பக்கத்து மேசைக்குத் தள்ளுகிறேன். அந்த மேசை உங்களுடையது.

உங்களிடம் விடுவதற்கு முன் நான் பார்த்தது இவ்வளவுதான்: அண்ணன் 'இல்லை' என்பதன் மேல், அடிமட்டம் வைத்து, நேராக ஒரு கோடு போட்டார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே தங்கையிடம் கேட்டார்.

"உடன்பிறந்தன்னு எழுதணுமா? வெறும் தம்பின்னா போதாதா?"