ஜட்ஜ் இன்னும் இருக்கிறார்

தொலைக்காட்சி விருது விழாவுக்கு வரமாட்டேன் என்றுதான் ஜட்ஜ் முதலில் பிடிவாதம் பிடித்தார். அவர் நிஜ நீதிபதி இல்லை. தொடர்களில் நீதிபதி வேடம் என்றால் ஒரு காலத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெயர் மறந்து பட்டம் மட்டும் நின்றுவிட்டது. இப்போது எதற்கும் கூப்பிடுவதில்லை. ஆனால் அந்த ஆண்டு, சிறந்த ஆடை வடிவமைப்புக்கான பரிந்துரையில் அவருடைய மகள் இருந்தாள்.

"நீங்க வரலைன்னா நானும் போகலை" என்றாள். அவருடைய பழைய கோட்டைப் பிரித்து, இடுப்பைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தாள். வேறு வழியில்லாமல் கிளம்பினார்.

நாடு முழுவதும் நேரடியாக ஒளிபரப்பாகும் விழா. அவர்களுக்குப் பின்வரிசையில், தூணை ஒட்டி இடம். பாதி நிகழ்ச்சியில் விளக்குகளைத் தணித்து, அந்த ஆண்டு காலமான கலைஞர்களின் படங்களைத் திரையில் காட்டினார்கள். ஒரு படம் வந்ததும் மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்பு அங்கி, மூக்குக்கண்ணாடி, உயர்த்திய புருவம். அவளுடைய அப்பா.

அரங்கம் கைதட்டியது. சிலர் எழுந்தே நின்றார்கள்.

"அப்பா, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"உக்காரு. தட்டி முடிக்கட்டும்."

முன்னால் இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்தபடி தற்செயலாகத் திரும்பினார். ஜட்ஜைப் பார்த்ததும் 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டார். விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. விழா ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தார்; முகத்தில் ஈயாடவில்லை. இறந்தவர் இன்னொரு நடிகர், அவரும் நீதிபதி வேடம் போட்டவர். படத்தைத் தேடி எடுத்தவர் அங்கியைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"செத்தவன் பேசலாமா?" என்று கேட்டுக்கொண்டே ஜட்ஜ் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து, "எனக்கு எதிரான தீர்ப்பை நானே ரத்து பண்றேன்" என்றார். அரங்கம் அதிர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "போனது என் சிநேகிதன். வசனம் மறக்கவே மாட்டான். மறக்கறது நான்தான். அவனுக்காக ஒரு தடவை தட்டுங்க" என்றார். தட்டினார்கள்.

அத்தோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. நண்பனின் கதை மெல்லத் தன் கதையானது. முதல் தொடர், அதில் அறுந்த செருப்பு, இயக்குநரின் திட்டு என்று போய்க்கொண்டே இருந்தார். கூட்டம் சிரிக்கச் சிரிக்க அவருக்கு உற்சாகம் ஏறியது. ஒருங்கிணைப்பாளர் மேடையோரம் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஜட்ஜ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

போன நேரத்தைத் தொழில்நுட்ப விருதுகளில் பிடித்தார்கள். ஒலி, ஒளி, ஆடை மூன்றையும் ஒரே மூச்சில் படித்தார்கள். ஆடைக்கு மகளின் பெயர் வந்தது. அவள் ஓடிப்போய் விருதை வாங்கிக்கொண்டு ஒலிவாங்கிப் பக்கம் திரும்புவதற்குள், "விளம்பரத்துக்கு அப்புறம் பார்க்கலாம்" என்று தொகுப்பாளர் சொல்லிவிட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டு இறங்கினாள்.

டாக்ஸியில் ஜட்ஜுக்கு வாயெல்லாம் பல். "எழுந்து நின்னாங்க, பாத்தியா?"

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பேச வேண்டிய நேரத்தையும் சேத்து நீங்களே பேசிட்டீங்கப்பா."

ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தவர், விட்டுவிட்டார். "தப்புதாம்மா. மைக்கைப் பிடிச்சு ரொம்ப நாளாச்சு. விட மனசு வரலை."

வண்டி சிக்னலில் நின்றது. "தம்பி, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். மகளிடம், "என்ன பேசறதா இருந்தே? இப்பச் சொல்லு."

"டாக்ஸியிலயா? போங்கப்பா."

"நான் கேக்கணும்."

கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு ஆரம்பித்தாள். படப்பிடிப்புக்கு முன் காபி கொட்டிய கவுனை ஒரே நாளில் புதிதாகத் தைத்த தையல்காரர். இஸ்திரி போடும் அக்கா. நிறங்களைப் பற்றிச் சண்டை போட்டுக் கடைசியில் விட்டுக்கொடுத்த இயக்குநர்.

"நான் வரலையா?"

"கடைசியில வருவீங்க."

"நேரம் பத்தலைன்னா வெட்டற இடமாச்சே அது!"

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "சார், குறுக்க பேசாதீங்க. அவங்க முடிக்கட்டும்."

ஜட்ஜ் வாயில் விரலை வைத்துக்கொண்டார்.

"எங்க அப்பாவுக்கு வேலை இல்லாத வருஷங்கள்ல, நான் தச்ச எல்லாத்தையும் முதல்ல போட்டுப் பாத்தது அவர்தான். கவுன் உட்பட."

ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜட்ஜ் காதைத் தடவிக்கொண்டே, "அதை நாடு கேக்காம போனதே நல்லது" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு தயாரிப்பாளர் அவரைக் கூப்பிட்டார். தாத்தா வேடம், இரண்டே வாரம். ஜட்ஜ் உடனே ஒப்புக்கொண்டார். மகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கோபம் முழுசாக இறங்கவில்லை. காபி டம்ளரை அவர் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.