வளைவின் அடியில் ஒரு வீடு

எங்கள் வாசல் கதவைத் திறந்தால் எதிரே தெரு இருக்காது, கான்கிரீட் சரிவுதான் இருக்கும். எப்போதோ கார்ப் பந்தயம் நடந்த பாதையின் கடைசி வளைவு அது. வேகமாக வரும் கார் வெளியே பறந்துவிடாமல் இருக்க, வெளிப்பக்கத்தைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதையெல்லாம் மனையாகி, வீடாகி, கடையாகி ஒழிந்துவிட்டது. இந்தத் துண்டு மட்டும் மிச்சம். அதன் தலைக்கு மேலே தெரு, காலடியில் எங்கள் வீடு ஒன்றுதான்.

இதையும் இடித்துவிட்டு எங்கள் வாசல் வரை சாலை போட நகராட்சி ஆட்கள் ஒருமுறை இயந்திரத்தோடு வந்தார்கள். குறுக்கே நின்று தடுத்த மகராசன் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான்.

இவர் பஸ் டிரைவர். வேலையில் இருந்தவரை ஒரு லாரியைக்கூட முந்தியதில்லை. பயணிகள் இவருக்கு வைத்த பெயர் 'ஆமை'. ஆனால் பந்தயம் என்றால் உயிரை விடுவார். வளைவைக் காப்பாற்ற ஒரு சங்கம் ஆரம்பித்தார், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார், வளைவைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"வாசலுக்கு வர்ற ரோட்டைப் போய் வேணாங்கறீங்களே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினேன்.

"ரோடு எங்க வேணா இருக்கு. இது வேற எங்க இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார்.

எங்களுக்காக ஓரத்தில் இரும்புப் படி வைத்துக் கொடுத்தார்கள். அதில் ஏறி இறங்கியே என் முட்டி தேய்ந்தது. சங்கத்துக்காரர்கள் வரும்போதெல்லாம் டீயும் கொடுப்பேன், திட்டும் கொடுப்பேன். இரண்டையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேனா பிடிக்கக்கூட வழியில்லை, பேச்சும் குழறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் தூக்கித்தான் சரிவில் இறக்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டேன்.

அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார்ந்து அந்தச் சிமெண்டைப் பார்ப்பதுதான் இவருக்கு வேலை. மேலே டீக்கடையில் பழைய டிப்போ நண்பர்கள் கூடுவார்கள். அவர்கள் சிரிப்பது கீழே கேட்கும். வந்து பார்த்தவர்களுக்கு இவர் பேசுவது ஒரு சொல்கூடப் புரியவில்லை. மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இவர் பேச்சு புரிகிற ஒரே ஆள் நான்.

நகராட்சிப் பொறியாளரிடம் போய் அழுதேன். "நாற்காலி போற அகலத்துக்கு வளைவை வெட்டி ஒரு பாதை போட்டுத் தர்றோம்மா. ஆனா உங்க வீட்டுக்காரரோட சங்கம் சரின்னு சொல்லணும். அவங்க கேட்டுத்தானே இதைப் பாதுகாத்தோம்?" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். முடியாது என்று தலையாட்டினார்.

"இந்த நெலமையிலயும் உங்களுக்கு அந்தச் சிமெண்டுதான் பெருசா? நான் பெருசில்லையா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஒருநாள் காலை நான் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தபோது வெளியே ஏதோ விழுந்த சத்தம். ஓடினேன். தனியாக மேலே ஏறப் பார்த்திருக்கிறார். ஒற்றைக் கையால் தள்ளினால் நாற்காலி தட்டாமாலை சுற்றும், ஏறுமா? சரிவில் கவிழ்ந்து, கன்னம் சிராய்த்துக் கிடந்தார். கூப்பிட்டிருக்கிறார். மேலே போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கி உட்கார வைத்ததும், "வெட்டச் சொல்லு" என்றார். குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. இப்போதைய தலைவர் ஒரு பல் டாக்டர். வாயில் பஞ்சோடு பேசுகிறவர்களைத் தினமும் புரிந்துகொள்கிற மனிதருக்கு இவர் பேச்சா புரியாது? அந்த நம்பிக்கையில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்: "எனக்கு வழி வெட்டிக் குடுங்க." கண்ணாடி முன்னால்கூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சங்கத்து ஆட்கள் இவரை நாற்காலியோடு மேலே தூக்கிப் போனார்கள். பழைய கார்கள் வரிசையாக நின்றன. ஒரே கைதட்டல். டாக்டர் மைக்கை இவர் வாயருகே பிடித்தார். இவர் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக, கழுத்து நரம்பு புடைக்க. கூட்டம் மரியாதையாகக் கேட்டது.

"அண்ணன் என்ன சொல்றாரு, அண்ணி?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"வளைவை வெட்டி வழி விடச் சொல்றாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது.

"அண்ணிக்கு இந்த வளைவு மேல இருக்குற கோபம் இன்னும் தீரல. இதைக் காப்பாத்துன மனுஷனா வெட்டச் சொல்வாரு?"

"சத்தியமா அவர்தான் சொல்றாரு! நான் சொல்லல டாக்டர், அவரையே கேளுங்க!"

இவர் மறுபடி சொன்னார். பதற்றத்தில் இன்னும் குழறியது. தலையை ஆட்டினார். உடம்பு மொத்தமும் சேர்ந்து ஆடியதில் அது ஆமாமா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? இடது கையால் நாற்காலியை அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் இத்தனை வருஷம் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து என் வாயையே அடைத்துவிட்டது.

"அண்ணன் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்ற டாக்டரின் குரலும் தழுதழுத்தது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. "அண்ணே, உங்க காலத்துக்கு அப்புறமும் இதை ஒருத்தரும் தொட முடியாது. இது நாங்க உங்களுக்குக் குடுக்குற வாக்கு."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பத்திரமாகக் கீழே இறக்கி, கூட நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவர் நாற்காலியைத் திருப்பச் சொன்னார். வளைவுக்கு முதுகு காட்டி, வீட்டுச் சுவரைப் பார்க்க வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த வாக்கியத்தை மறுபடி சொன்னார், நிறுத்தி நிதானமாக.

"இப்ப சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார்.

"சரியாத்தாங்க சொன்னீங்க" என்றேன்.