பன்னிரண்டாவது படி

சிதம்பரம் கீழ வீதியில் வைத்திலிங்கத்தைத் தெரியாதவர்கள் சிலர் இருந்திருக்கலாம். அவர் மனைவி தில்லையம்மாளின் வாயைத் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. மனதில் பட்டதை வாயில் நிறுத்திவைக்கும் பழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது. கத்தரிக்காய் முற்றல் என்றாலும் சொல்லுவாள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பல் எடுப்பு என்றாலும் சொல்லுவாள், அதுவும் மாப்பிள்ளையின் அம்மாவிடமே சொல்லுவாள்.

வைத்திலிங்கம் கடலூரில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற டிராப்ட்ஸ்மேன். தினம் பாசஞ்சர் ரயிலில் போய் வருகிறவர். அறுபத்து மூன்றாம் வருடம் கடலூரில் ஜில்லா ஓட்டப் பந்தயம் நடந்தபோது மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். தில்லையம்மாளுக்கு ஓட்டப் பந்தயம் என்றால் உயிர். ஆனால் வெறும் பொட்டல் மைதானத்தில், கயிறு கட்டி நிறுத்திய கூட்டத்துக்குப் பின்னால், நாலடி ஒன்பது அங்குல உயரத்தில் நிற்கிற ஒருத்தி எதைப் பார்க்க முடியும். திரும்புகிற ரயிலில் கிள்ளை ஸ்டேஷன் வரைக்கும் பேசாமல் வந்தவள், அங்கே வாயைத் திறந்தாள்.

"கடலூரு வரைக்கும் ரயில் ஏறி வந்து, நூறு ஆம்பளைங்க பிடரியப் பாத்துட்டுப் போறேன். ஓடுறவன் காலு எப்பிடி இருக்கும்னு கண்ணுல காட்டல நீங்க."

பெட்டியில் இருந்த எல்லோரும் வைத்திலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மறு வருடம் கெடிலம் பாலத்துக்கு அந்தப்புறம் ஒரு ஸ்டேடியம் கட்டுவதென்று முடிவாயிற்று. படம் போடும் வேலை வைத்திலிங்கத்திடம் வந்தது. மேற்கே பன்னிரண்டு படிகள் கொண்ட நீளமான கேலரி. சாயங்கால வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும், கடல் காற்று முகத்துக்கு வரும். எதிரே ஓடுதளம். அதுவரை எல்லாம் சுகம். கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி, முன்னால் ஏழு படி ஆண்களுக்கு, பின்னால் ஐந்து படி பெண்களுக்கு என்று தீர்மானம் போட்டார்கள். மரியாதைக்காகவாம். மரியாதை செய்கிறவர்களுக்கு எப்படியோ முன்வரிசை கிடைத்துவிடுகிறது, அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

வைத்திலிங்கம் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. தீர்மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "பன்னிரண்டாவது படியில நீ உக்காந்தாலும் ஓடுறவன் குதிகாலு வரைக்கும் தெரியும்படி போடுறேன். தெரியலன்னா என்னைக் கேளு" என்றார் மனைவியிடம்.

"கேக்காம விட்டுடுவனா?" என்றாள் தில்லையம்மாள்.

அலுவலகத்தில் கேலரி கட்டுவதைப் பற்றி ஒரு சீமைப் புத்தகம் இருந்தது. அதில் ஜனங்கள் பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணின் உயரம் இவ்வளவு, முன்னால் இருப்பவரின் தொப்பி இவ்வளவு என்று கணக்கு. வைத்திலிங்கம் அதை மூடி வைத்தார். நம் ஜனம் படியைக் கண்டால் சம்மணம் போட்டு உட்காருகிற ஜனம். தொப்பிக்குப் பதில் கொண்டை. வெள்ளிக்கிழமை என்றால் கொண்டைக்கு மேல் கனகாம்பரம் வேறு.

அதனால் அளவு கொல்லைப்புறத்தில் எடுக்கப்பட்டது. பக்கத்து வீட்டு அமிர்தம் பெரிய கொண்டைக்காரி. அவள் முன்னால் மணையில் உட்கார்ந்தாள். தில்லையம்மாள் பின்னால், இன்னும் உயரமான மணை அடுக்கின்மேல். கிணற்றடியில் ஒரு பித்தளைச் செம்பு. அதுதான் ஓடுகிறவனின் கால். ஒவ்வொரு நாளும் இருவரையும் செம்பிலிருந்து தள்ளித் தள்ளி, முக்காலி, பெஞ்சு, மேசை என்று உயர்த்தி உயர்த்தி உட்காரவைத்தார். எல்லாப் படிக்கும் ஒரே உயரம் வைத்தால், மேலே போகப் போக அமிர்தத்தின் கொண்டை செம்பின் அடியை மறைத்தது. படிக்குப் படி கால் அங்குலம் கூட்டிக்கொண்டே போனால் மறைக்கவில்லை. மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது. "தெரியுதா?" என்பார் அவர். "செம்போட வாயி தெரியுது, அடி தெரியல" என்பாள் இவள். அமிர்தம் கழுத்து வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே தினமும் வந்தாள்.

கடைசியில் படம் தயாராயிற்று. முதல் படி பதினொரு அங்குலம், அடுத்தது பதினொன்றேகால், அதற்கடுத்தது பதினொன்றரை. இப்படியே ஏறி, பன்னிரண்டாவது படி பதின்மூன்றேமுக்கால். அந்தப் படத்தை வைத்திலிங்கம் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனார். வாழ்க்கையில் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது அந்தக் கால் அங்குலம் ஒன்றுதான். அதில் அவருக்கு இருந்த பெருமையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் இருந்தார்.

கட்டுகிற வேலை கடலூர் முதுநகர் ரஃபியுதீன் மேஸ்திரிக்குக் கிடைத்தது. பினாங்கில் எட்டு வருடம் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். தில்லையம்மாளைத் தங்கச்சி என்பார், அந்த உறவில் வைத்திலிங்கம் மச்சான். பெருநாளுக்குச் சிதம்பரத்துக்குத் தேங்காய்ப்பால் மணக்கிற வட்டிலப்பம் வந்துவிடும், பொங்கலுக்கு முதுநகருக்குக் கரும்பு போய்விடும். மாடிப்படி கட்டுவதில் ரஃபியுதீனை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அவர் கட்டிய படியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம், நூலிழை வித்தியாசம் இருக்காது என்று ஊரே சொல்லும்.

அஸ்திவாரம் போட்ட வாரம் வைத்திலிங்கத்துக்கு டைபாய்டு வந்தது. ஏழு வாரம் படுக்கை. எழுந்து, மெலிந்து, சட்டை தொளதொளக்கக் கடலூருக்குப் போன அன்று நேரே ஸ்டேடியத்துக்குத்தான் போனார். பன்னிரண்டு படியும் சிமெண்டு பூசி, வெயிலில் பளிச்சென்று இருந்தன. எதிரே ஓடுதளத்துக்குச் சோதனையாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்.

ஏற ஆரம்பித்தார். ஐந்தாவது படியில் காலுக்குச் சந்தேகம் வந்தது. எட்டாவது படியில் உட்கார்ந்து பையிலிருந்து டேப்பை எடுத்தார். பன்னிரண்டு அங்குலம். கீழே இறங்கி முதல் படியை அளந்தார். பன்னிரண்டு. மேலே போய்க் கடைசிப் படியை அளந்தார். அதுவும் பன்னிரண்டு. நூலிழை வித்தியாசம் இல்லை.

தண்ணீர் குடத்தோடு போன சித்தாள் பட்டம்மாளைக் கூப்பிட்டு, பதினோராவது படியில் கொஞ்சம் உட்காரம்மா என்றார். அவள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தாள். வைத்திலிங்கம் அவளுக்குப் பின்னால் பன்னிரண்டாவது படியில் சம்மணம் போட்டு, தில்லையம்மாளின் உயரத்துக்கு முதுகை வளைத்துப் பார்த்தார். பட்டம்மாளின் கொண்டை தெரிந்தது. கேலரிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கோடுகள் அந்தக் கொண்டைக்குப் பின்னால் காணாமல் போயிருந்தன.

அவருக்கு அழுகை வந்தது. நோய் தின்ற உடம்பு, சீக்கிரம் வந்துவிட்டது.

ரஃபியுதீன் அதற்குள் படியேறி வந்துவிட்டார். "எழுந்துட்டீங்களா மச்சான்? அல்ஹம்துலில்லாஹ். ரொம்ப வாடிட்டீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, பட்டம்மாள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விசயம். யாருகிட்டயும் நான் சொல்லல. நீங்க காய்ச்சலோட போட்ட படம் போலருக்குது. பன்னெண்டு படியில ஒண்ணாவது ஒண்ணு மாதிரி இருக்கணுமே? கால், அரை, முக்கால்னு கை போன போக்குல எழுதியிருக்கீங்க. இஞ்சினீரு கண்ணுல பட்டா உங்க மானம் என்னாவறது? படத்த மடிச்சு வச்சுட்டு, எல்லாத்தையும் ஒரு அடியா ஏத்திட்டேன். அவுரு வந்து படி பன்னெண்டு இருக்குதான்னு மட்டும் எண்ணிப் பாத்துட்டுப் போயிட்டாரு. நீங்க பயப்படாதீங்க."

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார். நண்பனை ஒரு பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. படத்தை மீறிக் கட்டினான் என்று ஒரு வார்த்தை அலுவலகத்துக்குப் போனால் போதும். படிகளை உடைக்கச் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு இந்த ஜில்லாவில் ரஃபியுதீனுக்கு ஒரு சர்க்கார் வேலை கிடைக்காது. ரஃபியுதீன் படி தப்பாகக் கட்டினான் என்கிற பேச்சும் கிளம்பும்; அது அவரைக் கொன்றே போட்டுவிடும்.

"நல்லது பாய்" என்றார் வைத்திலிங்கம்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தில்லையம்மாள் அதைக் காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்துக் கஞ்சியாகக் காய்ச்சித் தள்ளினாள். நான்காம் நாள் ரயிலில் பரங்கிப்பேட்டை தாண்டும்போது கணக்கு பிடிபட்டது. படியை மாற்ற முடியாது. செம்பை நகர்த்தலாமே. ஓடுகிறவன் பத்தடி தள்ளி ஓடினால், இதே படியிலிருந்து அவன் கால் தெரியும். ஓடுதளம் இன்னும் வெறும் சுண்ணாம்புக் கோடுதான். கிழக்கே எல்லைக்கு மண்மேடு இன்னும் போடவில்லை, இடம் கிடந்தது.

ஆனால் ஏன் நகர்த்த வேண்டும் என்று கேட்பார்களே. இஞ்சினீயர் தட்சிணாமூர்த்தி கேட்டார். கேட்கிற விதமாகவும் கேட்டார்.

"கேலரிக்கு முன்பக்கத் தூரத்தை நான் குறைச்சுப் போட்டுட்டேன் சார். என் கணக்குல பிழை" என்றார் வைத்திலிங்கம்.

இருபது வருட வேலையில் பிழை என்ற சொல்லே தெரியாத மனுஷன். தட்சிணாமூர்த்தி எழுந்து கதவைச் சாத்திவிட்டுக் கால் மணி நேரம் பேசினார். கதவு பழைய கதவு, வெளியே எல்லோருக்கும் கேட்டது. பிறகு கண்டித்து ஒரு மெமோ வந்தது. ஓடுதளம் பத்தடி கிழக்கே போயிற்று. கமிட்டி அறையில் கண்ணாடி போட்டு மாட்டுவதாக இருந்த படத்தை ராமாமிர்தம் என்ற இளைய டிராப்ட்ஸ்மேன் புதிதாகப் போட்டான். மூலையில் அவன் பெயர் இருந்தது. வைத்திலிங்கம் இதில் ஒன்றையும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தில்லையம்மாள் அடுத்த ரயிலில் கடலூருக்கு வந்து, இஞ்சினீயருக்கும் மேஸ்திரிக்கும் சேர்த்து உண்மையை ஓதிவிடுவாள்.

அறுபத்து ஆறு தை மாதம் திறப்பு விழா. மூன்று மணிக்கே கேலரி நிறைந்துவிட்டது. முதுநகரிலிருந்து, திருவதிகையிலிருந்து, எங்கெங்கிருந்தோ வண்டி கட்டி வந்திருந்தார்கள். வந்தவர்கள் கோயில் குளக்கரையில் விடுவதுபோல் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறி, துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த மட்டில் வைத்திலிங்கம் கணக்கு சரி. தில்லையம்மாள் வேண்டுமென்றே பன்னிரண்டாவது படிக்குப் போய், இருப்பதிலேயே பெரிய கொண்டையாகப் பார்த்து அதற்குப் பின்னால் உட்கார்ந்தாள். வைத்திலிங்கம் ஓரத்தில், ஏறுகிற வழியில் நின்றுகொண்டார்.

அப்போதுதான் ரஃபியுதீன் அத்தர் மணக்க, புதுச் சட்டையில் மேலே வந்தார்.

"தங்கச்சி, இப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு, சொன்னா தப்பில்ல. மச்சான் படத்துல படியெல்லாம் ஏறுக்கு மாறா போட்டிருந்தாரு. காய்ச்சல், பாவம். நாந்தான் ஒரே அளவா திருத்திக் கட்டினேன். இல்லன்னா இன்னிக்கு இத்தினி பேரும் தடுக்கி விழுந்திருப்பாங்க."

மணைமேல் மூன்று வாரம் உட்கார்ந்தவள் அவள். ஒவ்வொரு கால் அங்குலத்துக்கும் சாட்சி. அவள் வாய் திறப்பதற்கு முன் ஏதாவது செய்ய வேண்டும் என்று வைத்திலிங்கத்துக்குத் தோன்றியது, என்ன என்று தோன்றவில்லை.

தில்லையம்மாள் மேஸ்திரியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள், ரொம்ப நேரம். பிறகு எதிரே, படத்தில் இருந்ததைவிடத் தள்ளித் தெரிந்த ஓடுதளத்தைப் பார்த்தாள்.

"அவுரு அப்பிடித்தான் அண்ணே. ஒரு ஆணி அடிக்கச் சொன்னாக்கூட கோணலாத்தான் அடிப்பாரு. நீங்க பக்கத்துல இருந்ததால தப்பிச்சாரு" என்றாள்.

ரஃபியுதீன் முகம் மலர்ந்துபோய், "விடு தங்கச்சி, மச்சான் இல்லியா" என்று சொல்லி, இரண்டு படிக்கு ஒரு தரம் தெரிந்தவர்களுக்கு சலாம் வைத்துக்கொண்டே இறங்கிப் போனார். கீழே வேட்டு வெடித்தது. நூறு கெஜ ஓட்டம். எட்டுப் பேர் கேலரி முன்னால் பாய்ந்து போனார்கள். கேலரிக்குப் பக்கத்துக் கோட்டில் ஓடியவன் ஷூ இல்லாத பையன். அவன் குதிகால் மண்ணைக் கிளப்பியதுவரை தெரிந்தது. முன்னால் இருந்த கொண்டைக்காரி கத்தினாள். தில்லையம்மாள் கத்தவில்லை. கண்ணை ஓடுதளத்திலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"ஆபீசுல ரொம்பத் திட்டிட்டாங்களா?"

"கொஞ்சந்தான்" என்றார் வைத்திலிங்கம்.

அவள் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் துண்டை விரித்தாள். அது பெண்கள் வரிசை. அவர் தயங்கினார். தில்லையம்மாள் உட்காரச் சொன்ன இடத்தில் ஒருவர் உட்கார்ந்தால் ஏன் என்று கேட்க அந்த ஐந்து படியிலும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அடுத்த ஓட்டம் கிளம்பும்போது அவர் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.