கழலாத மோதிரம்

துளசிங்கம் பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர். மகள் ஹேமாவதியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வினோத்துக்கு அவரே மோதிரம் போட்டார். இரண்டே வருடத்தில் வினோத் அவளைத் துரத்திவிட்டான். சமாதானம் பேச மீஞ்சூரில் இருந்த அவன் வீட்டுக்குப் போனார்.

வினோத் உட்காரக்கூடச் சொல்லவில்லை. விரலில் சோப்பைத் தேய்த்து மோதிரத்தை உருவி நீட்டினான்.

"இத்த எடுத்துனு போ மாமா. உன் பொண்ணு எனக்கு வேணாம்."

"நான் மோதிரத்துக்கா வந்தேன்?" என்றார் துளசிங்கம். அதற்குள் அவன் கதவைச் சாத்திவிட்டான்.

அவர் ஊர் திரும்பியபோது வீட்டு வாசலிலேயே ஹேமாவதி காத்திருந்தாள். "இன்னா சொன்னாரு நைனா?"

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவள் அதிலிருந்த மோதிரத்தை எடுத்துப் பார்த்தாள்.

"நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப இத்த அடகு வைக்கச் சொன்னேன் நைனா. விரல்லேர்ந்து கழலவே மாட்டேங்குதுன்னாரு."

அதற்குப் பிறகு அவள் அவனைப் பற்றிக் கேட்கவே இல்லை.