அண்ணனின் சாக்ஸபோன்

செவ்வாய்க்கிழமை காலை வதனி கந்தோர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, தாய் கண்ணகை அறை வாசலில் வந்து நின்றாள்.

"மனே, அந்தக் குழல உன்னட்ட ஆரு கொண்டுவந்து தந்த?"

கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் இருக்கும் சாக்ஸபோனைத்தான் அம்மா குழல் என்பாள். அது கொழும்பில், தெகிவளையில் ஒரு பழைய வாத்தியக் கடையில் வாங்கியது, கூட வாசிக்கிற இஷாமின் வாப்பா லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து தந்தார், உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று வதனி சொன்னாள். கண்ணகை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"என்னட்ட மறைக்காத. தந்தவன் அண்ணன எங்க கண்டதாம்?"

அவள் கையில் பக்கத்து வீட்டு ஆர்த்திகாவின் தொலைபேசி இருந்தது. வதனி வாங்கிப் பார்த்தாள். அடுத்த மாதம் கொழும்பில் நடக்கவிருந்த ஜாஸ் விழாவின் கையேடு. பதினான்காம் பக்கத்தில் வதனி வாசிக்கும் 'எழுவான் நால்வர்' குழுவின் படம். படத்தின் கீழே ஒவ்வொருவரைப் பற்றியும் சில வரிகள். வதனியின் பெயருக்கு நேரே இப்படி இருந்தது: 'போரில் இறந்த அண்ணன் விட்டுச்சென்ற சாக்ஸபோனை வாசிக்கும் இவர், ஒவ்வொரு சுரத்திலும் அவரைத் தேடுகிறார்.'

அண்ணன் ஜெயரூபன் 2008இல், பத்தொன்பது வயதில், களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குச் சைக்கிளில் போனவன். சைக்கிளும் வரவில்லை, அவனும் வரவில்லை. அப்போது வதனிக்குப் பன்னிரண்டு வயது. ஜெயரூபன் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. அவனுக்குக் கிரிக்கெட்தான் எல்லாம். பதினேழு வருடமாகக் கண்ணகை அவனுடைய படத்தைச் சுமந்துகொண்டு விசாரணைகளுக்கும் வீதியோரப் போராட்டங்களுக்கும் போய்வருகிறாள். மரணச் சான்றிதழுக்கான படிவத்தை அதிகாரிகள் மூன்று தடவை கொண்டுவந்து நீட்டினார்கள். மூன்று தடவையும் திருப்பி அனுப்பினாள்.

அன்று காலை ஆர்த்திகா வாசித்துக் காட்டியபோது 'இறந்த' என்ற சொல் கண்ணகையின் காதில் ஏறவேயில்லை. 'விட்டுச்சென்ற' என்பதில் அப்படியே நின்றுவிட்டாள். அவனுடைய பொருள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றால் யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவந்தவன் அவனைக் கண்டிருக்க வேண்டும்.

அது பொய், யாரோ எழுதிய பொய் என்று வதனி திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணகை தொலைபேசியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். அடுப்படியில் அமர்ந்துகொண்டாள்.

வதனி கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினாள்.

விழாக்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதிப்போட்டவன் நிலோஜன். கீபோர்ட் வாசிப்பவன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் விருந்து நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தான். நால்வரும் ஆறு வருடமாக அங்கே சனிக்கிழமைகளில் வாசித்தார்கள். பாடசாலை வாத்தியக் குழுவில் கிளாரினட் பழகிய வதனி, வேலை கிடைத்த பிறகு சாக்ஸபோனுக்கு மாறினாள். ஏறாவூர் இஷாம் ட்ரம்ஸ். பகலில் வாப்பாவின் லொறிகளைப் பார்த்துக்கொள்வான். மட்டக்களப்பு நகரத்தில், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரான லயனல் தச்சுவேலை செய்பவர். பேஸ் கிட்டார் வாசிப்பார். வதனி சொந்தமாக ஏழு மெட்டுகள் கட்டியிருந்தாள். இறால் சாப்பிட வருகிறவர்கள் அவற்றைக் கேட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. கொழும்பு விழாவுக்கு மூன்று தடவை விண்ணப்பித்தும் பதில் வரவில்லை. இந்த வருடம் வந்தது. வதனியும் மற்ற இருவரும் தங்கள் வாசிப்புக்குக் கிடைத்த அழைப்பு என்று நம்பினார்கள்.

பஸ்ஸில் தன் தொலைபேசியில் கையேட்டின் மீதியையும் வாசித்தாள். இஷாமைப் பற்றி: 'இசையை வெறுத்த தந்தை கோடாலியால் உடைத்த ட்ரம்ஸை மீண்டும் பொருத்தி வாசிப்பவர்.' இஷாமின் வாப்பா சரீப்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ட்ரம்ஸைத் தன் கையால் லொறியில் ஏற்றிக் கட்டுபவர். லயனலைப் பற்றி: 'மறைந்துவரும் ஓர் இனத்தின் கடைசிக் கலைஞன்.' லயனலுக்குச் சகோதரர்கள் மட்டும் ஐந்து பேர், எல்லோரும் ஏதாவது ஒன்றை வாசிப்பார்கள். நிலோஜனைப் பற்றி ஒரே வரி: 'இவர்களைக் கண்டெடுத்து ஒன்றுசேர்த்தவர்.'

கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தாள். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். வதனி சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, அப்படியானால் 'இறந்த' என்பதைக் 'காணாமல்போன' என்று இணையத்தில் மாற்றிவிடலாம், உண்மையில் அது இன்னும் மனதைத் தொடும் என்றார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, வேண்டாம் என்றாள் வதனி.

மட்டக்களப்பில் பஸ் மாறிப் பாசிக்குடா போனாள். ஹோட்டலில் நிலோஜன் நீச்சல் குளத்துக்குப் பின்னால் கதிரைகளை அடுக்குவித்துக்கொண்டிருந்தான். அவளுடைய முகத்தைக் கண்டதும் வேலையாட்களைத் தூரப் போகச் சொன்னான். அவள் கேட்குமுன்னமே பேசத் தொடங்கினான். மூன்று வருடம் நல்ல வாசிப்பை அனுப்பினோம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களிடம் என்ன கதை இருக்கிறது என்றுதான் அவர்கள் கேட்டார்கள். மட்டக்களப்பிலிருந்து நன்றாக வாசிக்கிறோம் என்பது அவர்களுக்குக் கதை இல்லை. எல்லோருக்கும் நன்மைக்காகத்தான் செய்தேன் என்றான். பிறகு, "அண்ணன் இல்லாமப் போனது உண்மைதானே வதனி. நான் அதுக்குள்ள ஒரு சாக்ஸபோன வெச்சன், அவ்வளவுதான்" என்றான்.

வதனி அவனை அடிக்கத்தான் நினைத்தாள். கை மேலெழுந்ததை அவளே உணர்ந்தாள்.

"என்ட அம்மா காலையிலருந்து அவனக் கண்ட ஆளத் தேடுறா. நீ இப்ப என்னோட வாறாய். வந்து அவட முகத்தப் பாத்துச் சொல்றாய்."

அவன் மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னான். அவள் ஏறவில்லை. பஸ்ஸில் போனார்கள். அவன் ஓர் இருக்கையில், அவள் இரண்டு இருக்கை தள்ளி. இரண்டரை மணி நேரப் பயணம்.

கண்ணகை அவனைக் கதிரையில் இருத்தி வெறுந்தேத்தண்ணி கொடுத்தாள். அவன் கிழக்கு மாகாணக் கலைஞர்களுக்கு வாய்ப்புக் கிடைக்காததைப் பற்றித் தொடங்கினான். அதையெல்லாம் விடச் சொன்னாள் வதனி. அவன் நிலத்தைப் பார்த்தான்.

"அம்மா, அது அண்ணன்ட இல்ல. நான்தான் அப்பிடி எழுதிக் குடுத்தன்."

"அப்ப ஒருத்தரும் கொண்டுவரல்ல."

"இல்லம்மா."

கண்ணகை அந்த வரியை முழுதாக வாசிக்கச் சொன்னாள். அவன் தன் தொலைபேசியை எடுத்து வாசித்தான். 'இறந்த' என்ற சொல்லில் அவள் கையை உயர்த்தினாள்.

"மூணு தரம் அந்தப் படிவத்தக் கொண்டுவந்தவங்க. நான் கையெழுத்து வைக்கல்ல. எனக்குப் பதிலா வைக்க நீ ஆரு தம்பி?"

நிலோஜன் அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்க, அவன் எழுந்து போனான்.

அந்தப் பக்கத்தை முழுதாக நீக்கினால் மட்டுமே வருவோம் என்று இஷாமும் லயனலும் வதனியோடு சேர்ந்து எழுதினார்கள். தன் கையில் கோடாலியைக் கொடுத்தவனைச் சரீப் பார்க்க விரும்பினார். அது நடக்காமல் இஷாம் தடுத்தான். இணையத்திலிருந்து பக்கம் போனது. அச்சடித்த ஆயிரம் கையேடுகள் அப்படியே இருந்தன. மூவரும் போகவில்லை.

நிலோஜன் போனான். கொழும்பு வாத்தியக்காரர் மூவரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் மேடையேறினான். மறுநாள் வதனிக்கு ஒரு செய்தி அனுப்பினான்: உன் மெட்டுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள், நீ இருந்திருக்க வேண்டும். வதனி பதில் எழுதினாள்: 'அது என்ட மெட்டு. இனி நீ அத வாசிக்காத.' அவன் இரண்டு மாதத்தில் ஹோட்டல் வேலையை விட்டு, கொழும்பிலேயே தங்கிவிட்டான். இப்போது பெரிய இடங்களில் வாசிக்கிறான். பேட்டிகளில் மட்டக்களப்பு வாவியைப் பற்றிப் பேசுகிறான்.

மூவருக்கும் சனிக்கிழமைப் பாசிக்குடா இல்லாமல் போனது. ஏறாவூரில் லொறிகள் நிறுத்தும் கொட்டகையில் பழகுகிறார்கள். கீபோர்ட் இல்லாத இடத்தையெல்லாம் வதனி நிரப்ப வேண்டியிருக்கிறது. கொஞ்சம் மெதுவாக ஊதச் சொல்லி இஷாம் சில நாட்களில் கேட்பான். அவளால் முடிவதில்லை.

கண்ணகை விழாக்காரர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். கடிதம் எழுதுவதில் அவளுக்குப் பதினேழு வருடப் பழக்கம். அவள் சொல்லச் சொல்ல வதனி எழுதினாள்: என் மகன் ஜெயரூபன் இறக்கவில்லை. இறந்தான் என்று நீங்கள் ஆயிரம் கையேடுகளில் அச்சடித்திருக்கிறீர்கள். அது பிழை என்று எழுத்தில் தர வேண்டும். கண்ணகை அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டுத் துண்டைக் கடிதங்கள் வைக்கும் கோவையில் வைத்தாள். பதில் இல்லை. இரண்டாவது அனுப்பினாள். மூன்றாவதும் போனது.

நான்காவது மாதம் ஓர் உறை வந்தது. நல்ல தடித்த தாள், மேலே விழாவின் சின்னம். வதனி வாசித்தாள். ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துகிறோம் என்று தொடங்கியிருந்தது. 'அன்பு மகனை இழந்து தவிக்கும் தங்களுக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று முடிந்திருந்தது.

வதனி அந்தக் கடைசி வரியை வாசிக்காமல் விட நினைத்தாள். பிறகு வாசித்தாள்.

கண்ணகை கடிதத்தை வாங்கி, மடித்து, கோவைக்குள் வைத்தாள். மேசையில் புதுத் தாளை எடுத்துப் போட்டாள்.

"எழுது" என்றாள்.